கட்டி

நாராயணம்மா வாயிலிருந்த களியைத் தட்டிலேயே துப்பினாள். "கட்டி கட்டியா கெடக்குது. என்னைக் கொல்றதுக்குன்னே கிண்டுறா."

சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடிந்து வந்து, வேர்வை காயுமுன் களி கிண்டியவள் மருமகள் சத்யப்ரியா. கோவில்பட்டிக்காரி. கல்யாணமான புதிதில் அவள் களியை மென்று தின்றதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. மெல்லக் கூடாது, கிள்ளிக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்பதை மாமியாரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். இன்று அந்த மாமியாருக்கே இறங்கவில்லை.

"அவுகளும் அதே களியத்தான திங்காக," என்று கணவன் சந்தோஷின் தட்டைக் காட்டினாள்.

"அவுகளாம், அவுக." நாராயணம்மாவின் குரல் கொஞ்ச மாதமாகத் தகரத்தைத் தேய்ப்பதுபோல் கரகரத்தது. அந்தக் குரலிலேயே குழாயடி முழுக்கச் சொல்லியாயிற்று, மருமகள் மாவில் என்னமோ கலக்கிறாள் என்று. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று அவள் சுவரில் சாய்ந்தே தூங்குவதற்கும் அந்த மாவுதான் காரணமாம்.

"சந்தோஷு, இவ இருக்கற ஊட்ல நான் ஒரு வாய் திங்க மாட்டேன். கொண்டுபோயி அவ ஊர்ல உட்டுட்டு வா."

சந்தோஷ் கை கழுவிவிட்டு வந்து, மனைவி முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளு உங்கம்மா ஊட்ல இரு. நாளைக்கு பஸ் ஏத்தி உடறேன்," என்றான்.

சத்யப்ரியா அழவில்லை. மாமியார் எதிரில் உட்கார்ந்து, அதே உருண்டையில் ஒரு விள்ளலைக் கிள்ளி விழுங்கினாள். தடையில்லாமல் இறங்கியது. எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"களியிலதான் கட்டி, சரி. இந்தத் தண்ணியக் குடிங்க அத்தை. இதுல கட்டி கெடையாதுல்லா."

சொம்பை நீட்டிய கையில் இரக்கம் துளியும் இல்லை. ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகன் பார்க்கிறானே என்று நாராயணம்மா வாங்கி, அண்ணாந்து குடித்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்தின் அடியிலிருந்து எலுமிச்சை அளவில் ஒன்று எழும்பி, மறுபடி இறங்கியது. வயசுச் சதை என்று இத்தனை நாளும் சத்யப்ரியா நினைத்திருந்த இடம் அது. பாதிச் சொம்பில் புரையேறி, தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

"கழுத்துல என்னம்மா அது?" சந்தோஷ் கிட்டே வந்து குனிந்தான்.

"இந்தத் தண்ணியும் அவதான்டா மோந்து குடுத்தா," என்றாள் நாராயணம்மா இருமலுக்கு நடுவே.

அவன் நீட்டிய விரலைத் தட்டிவிட்டு, முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். துணிக்கு அடியில் அது ஒருமுறை மேலேறி இறங்கியது.