மூன்றாம் மாடி, வலக்கைப் பக்கம்

பில்பாவோவின் அந்தப் பழைய கட்டடத்தில் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. மாடிக்கு இரண்டு வீடு. படியேறி வருபவரின் இடக்கைப் பக்கம் இஸ்கியெர்தா, வலக்கைப் பக்கம் தெரேச்சா. அமாயா மூன்றாம் மாடி தெரேச்சா. எதிர் இஸ்கியெர்தாவில் ஃபெர்மின் இருந்தான், கப்பல் வேலைக்காகச் சிலிக்குப் போகும்வரை. போன அன்று பெட்டியோடு அவள் கதவின் முன் வந்து நின்றான். மணியை அடிக்கவில்லை. உள்ளே அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திறக்கவில்லை. வீம்பு என்ன சோறா போடுகிறது? அன்று அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தலை நரைத்துவிட்டது, அவன் நினைப்பு மட்டும் நரைக்கவில்லை.

போன வருஷம் லிஃப்ட் வந்தது. படிக்கட்டுப் பக்கம் இடமில்லை என்று எதிர்ச்சுவரை உடைத்து வைத்தார்கள். அதிலிருந்து இறங்குபவர் படிக்கட்டைப் பார்த்து நிற்பார், ஆகவே இடது வலதாகிவிடும். வீடுகளின் பெயரை மாற்றலாமா என்று கூட்டம் போட்டு ஒரு சாயங்காலம் முழுக்க அடித்துக்கொண்டார்கள்.

"பொறந்ததுலேர்ந்து நான் இஸ்கியெர்தா. கெழவியானப்புறம் தெரேச்சா ஆகணுமா? போங்கய்யா!" என்று இரண்டாம் மாடி கொன்சா எகிறியதும் பேச்சு முடிந்தது.

அன்றிலிருந்து ஃபெர்மினின் அம்மாவைத் தேடி லிஃப்டில் எதிர் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அமாயாவின் கதவைத்தான் தட்டினார்கள். "எதிர் வீடு!" என்று உள்ளிருந்தே கத்துவது அவளுக்குப் பழகிப்போனது.

பிறகு அந்த அம்மாவும் இறந்து வீடு பூட்டிக் கிடந்தது. "அவன் விக்க வர்றானாம்டி. வித்துட்டா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கமாட்டான்," என்றாள் கொன்சா.

சனிக்கிழமை மதியம் உப்புமீனைப் பூண்டெண்ணெயில் போட்டு, சாறும் எண்ணெயும் ஒன்றாகக் கூடிவரச் சட்டியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பூட்டில் யாரோ சாவியைத் திணிக்கிற சத்தம்.

"எதிர் வீடு! லிஃப்ட்ல வர்றவங்களுக்கெல்லாம் கண்ணு எங்க போச்சு?"

"அமாயா?"

சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் திறந்தாள். வெள்ளைத் தலையோடு ஃபெர்மின். கையில் சாவி.

"ரெண்டு கதவும் ஒரே பச்சை. எறங்கி இடது பக்கம் திரும்பினேன், அவ்ளோதான்," என்றான். "அம்மா பூட்டை மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

"லிஃப்ட்டு உன்னையும் திருப்பிப் போட்டுருச்சா?"

சிரித்தான். அதே சிரிப்பு.

"விக்கவா வந்த?"

"திங்கக்கிழமை வாங்கறவங்க பாக்க வர்றாங்க. மன்னிச்சுக்க, தெரியாம உன் கதவைத் தொட்டுட்டேன்."

எதிர்க் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். அவள் திரும்பி வந்தபோது சாறு தனியாக, எண்ணெய் தனியாகத் திரிந்து நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷம் கழித்து வந்தானே, அதுவும் தவறுதலாகவா?

மறுநாள் காலை மணி அடித்தது. முகத்தைக்கூட அவள் கழுவியிருக்கவில்லை.

"எதிர் வீடு!" என்று கத்தினாள்.

வெளியே யாருக்கோ மேல்மூச்சு வாங்கியது.

"இல்ல அமாயா," என்றது ஃபெர்மினின் குரல். "இன்னிக்கு நான் படியேறித்தான் வந்தேன்."

இந்த முறை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. போய்க் கதவைத் திறந்தாள்.