காணாமல் போன நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கு என் பொறுப்பு. எந்த மருந்து எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவளைக் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு உட்கார வைத்துவிட்டார்கள். இன்று மாலைக்குள் தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் துணிக் கிடங்கு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கினால் நேரே போர்வைக் குவியலில்தான்.

"மருந்துப் பட்டியல்ல காலாவதியான ஒரு வரியை மட்டும் அழிங்கக்கா" என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். அழுத்தினேன். திரை ஏதோ கேட்டது. படிக்காமலேயே சரி என்றேன். நூற்றுப் பன்னிரண்டு வரியும் போய்விட்டது.

அவள் அடுத்த மேஜைக்குப் போயிருந்தாள், யாரும் பார்க்கவில்லை. திரையை அணைத்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். வார்டிலிருந்து இப்போது ஒரு ஊசி கேட்டால் என்ன சொல்வது?

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைக்கூடத் திறக்காமல் கிடங்குக்கு ஓடினேன். தட்டுத் தட்டாக எண்ணி, பழைய சீட்டுகளின் பின்புறம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேம்மா. இதை வெச்சு மறுபடி ஏத்திடலாம். மேல மட்டும் சொல்லிடாத."

"அக்கா, இது பழகுறதுக்கு வெச்ச நகல். நிஜப் பட்டியல் பத்திரமா இருக்கு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பசி வேறு.

அவள் நிஜப் பட்டியலைத் திறந்து, என் சீட்டுகளோடு ஒப்பிட்டாள். "பாம்புக்கடி ஊசி நாலு இருக்குன்னு இதுல இருக்கே. நீங்க ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க?"

"மூணு போன வாரமே காலாவதி. தனியா எடுத்து வெச்சிட்டேன்."

"வார்டுல நாலுன்னு நம்பிட்டு இருப்பாங்களே."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அந்த மூணும் தனியா ஒரே வரியில இருக்கு. நீங்களே எடுத்துடுங்கக்கா."

"இது நிஜம்தானே?"

"நிஜம்தான்."

ஒரு வரியை அழிக்கவா என்று திரை கேட்டது. இந்தத் தடவை இரண்டு முறை படித்தேன். விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு அழுத்தினேன். அந்த ஒரு வரி மட்டும் போயிற்று.

அவள் பயிற்சித் தாளில் என் பெயருக்கு நேரே டிக் அடித்தாள். அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

"ஊசி அவசரமா வேணும்னு எந்தப் பட்டன்ல கேக்கணும்?" என்றேன்.