வேல்விழி வண்டிக்குப் பெட்ரோல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்ததும், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் என் மகள் வேல்விழியின் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குக் கிளம்புவது என் வழக்கம். அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் நடக்கிறது. அன்றைக்கு எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாவியைப் பார்த்தும் பாராதவன் மாதிரி டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி வள்ளித்தாய் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பங்குக்குப் போகலையா? வெயில் ஏறுனா கூட்டம் அள்ளும்."

"போகல. சாப்பிடும்போது சொல்றேன்" என்றேன். பெரிய பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி சொன்னேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

நான் பட்டாசு ஆபீஸில் போர்மேன். எங்கள் திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த ஆபீஸில் ஃபேனும் கிடையாது, நாற்காலியும் கிடையாது, அது வேறு விஷயம். வெடிமருந்து ரூமுக்குள் நுழைகிறவர்கள் முதலில் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் கொஞ்சநஞ்சம் இருக்கும் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் போய்விடும். வேலை முடிந்தால் மேலெல்லாம் அப்பியிருக்கும், சட்டென்று தீப்பிடிக்கிற வெள்ளிப் பொடியைக் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வேனில் ஏற வேண்டும். மறந்தவர்களை நான் வைகிற வசவு பக்கத்து ஆபீஸ் வரைக்கும் கேட்கும். வீட்டிலும் அதே சட்டம்தான். சின்னப் பிள்ளையில் வேல்விழி என் காலைக் கட்டிக்கொள்ள ஓடி வரும்போதெல்லாம், "அங்கனயே நில்லு! நகராத!" என்று கத்துவேன். குளித்துவிட்டு வந்துதான் தூக்குவேன். எவ்வளவுதான் கழுவினாலும் நகக்கண்ணில், காதோரத்தில் பொடி ஒளிந்திருக்கும் என்பதால் வேலை நாளில் நான் பங்க் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகுதான் பெட்ரோல்.

வேல்விழி எங்களுக்கு ஒற்றைப் பிள்ளை. விருதுநகரில் ரத்தம் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் ஸ்கூட்டியில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். கை நிறைய இல்லாவிட்டாலும் சம்பளம் என்று ஒன்று வருகிறது. பெட்ரோல் மட்டும் நான் போட்டுவந்தேன். அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, எங்கள் ஆபீஸ் வேன் டிரைவர் சங்கிலிமுத்து வாயைத் திறக்கும் வரைக்கும்.

"சம்பாதிக்கிற பிள்ளைக்கு அப்பன் பெட்ரோல் போட்டா அது எப்படி அண்ணாச்சி உருப்படும்?" என்று வேனை ஓட்டிக்கொண்டே கேட்டான். "வெளிநாட்டுலயெல்லாம் பதினெட்டு வயசு ஆச்சுன்னா, உன் வண்டி உன் பாடுன்னு விட்டுருவாங்களாம். போன் வீடியோவுல ஒருத்தர் அழகாப் பேசுறாரு. நானும் எம்மகனுக்கு நிறுத்திட்டேன்ல. இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு பைசா கேட்டதில்ல."

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம், "போர்மேன் செல்லம் கொடுத்துக் கெடுக்காரு" என்று கெக்கலித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸே நடுங்குகிற போர்மேன், வீட்டில் மகளுக்குப் பெட்ரோல் போடுகிற வேலைக்காரனா?

ஞாயிறு மத்தியானம் கறிச்சோற்றுக்கு நடுவில் ஆரம்பித்தேன். "ஏத்தா வேல்விழி, இனிமே வண்டிக்கு நீயே பெட்ரோல் போட்டுக்கத்தா. நீயும் சம்பாதிக்கிற. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ளை. உன் செலவு என்னன்னு உனக்குத் தெரியணும்ல."

சண்டை போடுவாள், மூஞ்சியைத் தூக்குவாள் என்று பார்த்தேன். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் நல்லி எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டு, "சரிப்பா" என்றாள். பிறகு ரசம் கேட்டாள். நான் யோசித்து வைத்திருந்த பதிலெல்லாம் வீணாகப் போனது.

கை கழுவ எழுந்த என்னை வள்ளித்தாய் கொல்லைப்பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "என்ன பெரிய சட்டம் போடுறீக? ஒத்தப் பிள்ளை வண்டிக்கு எண்ணெய் ஊத்த வக்கில்லாமப் போச்சா?"

"அதுக்கில்லடி, பொறுப்பு வரணும்ல."

"மாசம் பொறந்தா படிச்ச கடனை அவதான் அடைக்கா. எஞ்சீட்டுப் பணத்தையும் அவதான் கட்டுறா. பொறுப்பு அவளுக்கா வரணும்? வாயில நல்லா வருது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு வைத்தாள், மறுசோறு வேண்டுமா என்று கேட்கவில்லை.

சொல்லிவிட்டேனே ஒழிய, திங்கள்கிழமை காலையிலேயே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. விருதுநகர் போகிற வழியில் ஆனைக்குட்டம் விலக்குப் பக்கம் வண்டி நின்றுபோனால் ஒரு ஈ காக்கை இருக்காது. சாவியை எடுத்துப் பெட்ரோல் முள்ளைப் பார்த்துவிடலாம்தான். ஆனால் வள்ளித்தாய் கண்ணில் பட்டால் அதைவிடக் கேவலம் இல்லை. அதனால் எல்லாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் வாசலுக்குப் போய், ஸ்கூட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குலுக்கிப் பார்த்தேன். களக் களக் என்று சத்தம் வந்தது. அப்பாடா என்றிருந்தது. மறுநாளும் குலுக்கினேன். புதன்கிழமை சத்தம் சரியாகக் கேட்காததால் சீட்டில் காதை வைத்துக்கொண்டு குலுக்கினேன். அந்த நேரம் பார்த்துப் பால்காரர் வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்குக் காய்ச்சலா?"

"பாலை ஊத்திட்டுப் போய்யா" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேல்விழி ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையில் எப்போதும் போல லேப் ஸ்பிரிட் வாசனை. "அப்பா, நான் விருதுநகர்லயே ஹாஸ்டல்ல இருந்துக்கலாம்னு பாக்குறேன்" என்றாள். "கூட வேலை பாக்குற நாகஜோதி ரூம்ல ஒரு எடம் இருக்காம். பெட்ரோலுக்கு ஆகுறதோட கொஞ்சம் போட்டா வாடகைக்குச் சரியாப் போகும். அலைச்சலும் மிச்சம்."

சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கோவமாத்தா?"

"கோவம் எதுக்குப்பா? நீங்க சொன்னப்புறம்தான் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்கு வேலை முடிஞ்சதும் அட்வான்ஸ் கொடுத்துட்டு, திங்கக்கிழமை போயிரலாம்னு இருக்கேன்."

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டியிருந்தால் திட்டிவிட்டாவது தூங்கப் போயிருப்பேன்.  அடுப்படியில் வள்ளித்தாய் ஏதோ பாத்திரத்தை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் என் புத்தி என்னிடம் இல்லை. ஆர்டர் முடிக்க வேண்டிய நேரம். போர்மேன் கண் எல்லா ரூமிலும் இருக்க வேண்டும். நான் செம்புத் தகட்டில் கையை வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தேனாம், உள்ளே இருந்த பெண்கள் கூப்பிட்டு உசுப்பினார்கள். தினமும் சாயங்காலம் எங்கள் தெருமுனையில் அவள் திரும்பும்போது ஒரு ஹாரன் அடிப்பாள். அது எனக்கில்லை, முனையில் படுத்திருக்கும் நாய்க்கு. ஆனால் அது கேட்டதும் நான் எழுந்து வாசல் லைட்டைப் போடுவேன். "அப்பா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவாள். வாசலில் என் செருப்புக் கிடக்கும், இருந்தாலும் கேட்பாள். திங்கள்கிழமையிலிருந்து அந்த லைட்டை நான் எதற்குப் போட? 

மணி அடித்ததும் முதல் ஆளாகப் போய் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சங்கிலிமுத்து என்னை ஒரு மாதிரி பார்த்தான். பின்னால் பெண்கள் ஏதோ குசுகுசுத்துச் சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

"ஏம்பா சங்கிலி, உன் மகன் இப்ப வண்டிக்கு என்ன செய்றான்?" என்று கேட்டேன்.

"அவன் எங்க அண்ணாச்சி இங்கன இருக்கான்? திருப்பூருக்குப் போயி வருசம் ஆகப்போகுது. பொங்கலுக்கு வருவான்னு நினைக்கேன்" என்றான். ரோட்டைப் பார்த்தபடி சொன்னான். 

வேன் எங்களை இறக்கிவிடுகிற இடத்துக்கு எதிரில்தான் பெட்ரோல் பங்க். இறங்கியதும் பார்க்கிறேன், வரிசையில் வேல்விழியின் ஸ்கூட்டி நிற்கிறது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சட்டைப்பையில் கையை விட்டு இருந்த நோட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்து விறுவிறுவென்று பங்குக்குள் போனேன்.

"அண்ணாச்சி! நில்லுங்க, நில்லுங்க! பின்னால போங்க!" பெட்ரோல் போடுகிற பையன் கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தான். "மேலெல்லாம் மருந்தோட உள்ள வாரீக! எங்கம்மாவும் பட்டாசு ஆபீஸ்தான், எனக்குத் தெரியாதா?"

குனிந்து என்னைப் பார்த்தேன். சட்டை, கை, கால் எல்லாம் வெள்ளிப் பொடி மின்னியது. கழுவவில்லை. உடுப்பு மாற்றவில்லை. வேனில் பெண்கள் சிரித்தது அப்போதுதான் விளங்கியது. இதே தப்புக்காக எத்தனை பேரை நான் வேனிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"அப்பா!" வேல்விழி திரும்பிப் பார்த்துவிட்டாள். "அங்கனயே நில்லுங்க! நகராதீக!"

அப்படியே என் குரல். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நான் பின்பக்கமாகவே நடந்து ரோட்டோரத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினேன். "ஏத்தா, அட்வான்ஸ் கொடுத்துட்டியா?"

பங்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் வண்டியை வரிசையில் ஒரு அடி முன்னால் தள்ளினாள்.

"நானே போடுறேன்த்தா! எம்புட்டு ஆனாலும் நானே போடுறேன்! நீ ஹாஸ்டலுக்குப் போகாதத்தா!" 

"ஐயா, அப்படியே எனக்கும் சேத்துப் போட்டு விடுங்க" என்றான் பைக்கில் நின்ற ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முறை வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினாள். சீட்டைத் திறக்கும் முன்னால், பக்கத்தில் இருந்த இரும்புத் தூணில் உள்ளங்கையை ஒரு தரம் வைத்து எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். தூணில் கை வைப்பதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகமே இல்லை. எப்போதோ ஞாயிற்றுக்கிழமை கூட வந்தபோது பார்த்திருப்பாள்.

காசு கொடுத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வந்து எனக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. உதட்டில் சிரிப்பும் இருந்தது.

"ஏறச் சொல்ல முடியாது. உங்க சட்டம்."

"நீ போத்தா. நான் பைய நடந்து வாரேன்."

"போதும், வாங்க" என்றாள். தள்ளிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். ரோட்டின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். 

"அட்வான்ஸ் இன்னும் கொடுக்கல" என்றாள்.

நான் மூச்சு விட்டேன்.

"ஆனா ஒண்ணுப்பா. போறதுக்கு நான் போட்டுக்கிறேன். வர்றதுக்கு நீங்க போடுங்க. ஞாயித்துக்கிழமை, ஒழுங்கா குளிச்சிட்டு வந்து."

தினமும் வர்றதுக்கா, ஹாஸ்டல்லயிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வர்றதுக்கா?  கேட்கவில்லை. "சரித்தா" என்று மட்டும் சொன்னேன்.

டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, பிள்ளை வண்டியில பெட்ரோல் தீந்துபோச்சா?"

"நிறைய இருக்கு மாமா" என்றாள் வேல்விழி, தள்ளுவதை நிறுத்தாமல். எங்கள் தெரு ஒரே மேடும் பள்ளமும். ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் இறங்கி ஏறும்போது டேங்குக்குள் களக் களக் என்று கேட்டது. நான் அவளைவிட்டுத் தள்ளி, அந்தச் சத்தம் கேட்கிற தூரத்திலேயே நடந்துகொண்டிருந்தேன்.