பாதித் தண்ணீர்

அடுப்பறைக்குள் ஏதோ முனகியது. நாய் என்று நினைத்துச் சுருளிவேல் குனிந்து பார்த்தார். நாய் இல்லை. வெந்நீர் பாய்லர்தான் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

போடிமெட்டுக்குக் கீழே ஏலக்காய்த் தோட்டச் சரிவில் நிற்கும் அந்த விடுதியில் அவருக்குத் தீப்போடும் வேலை, மனைவி காளீஸ்வரிக்குத் துணி வெளுக்கும் வேலை. அதற்கு முன்பு ஆயுசு முழுக்க ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தத் தீப்போட்டவர். அங்கே பாதியில் தீ தணிந்தால் காயின் நிறம் செத்துவிடும், முதலாளி வாயில் வந்தபடி ஏசுவார். எரிகிற தீயைக் குறைக்கக் கூடாது என்பதுதான் அவர் படித்த ஒரே படிப்பு.

போன மாதம் ராம்பிரசாத் என்கிற இன்ஜினியர் வந்தான். விடுதியையே லேப்டாப்புக்குள் கட்டி வைத்திருந்தான். சுவர், குளிர், குளிக்கிற ஆள், எல்லாம் அதற்குள். பழைய ஷவர்களைக் கழற்றிவிட்டுப் பாதித் தண்ணீர் சிந்தும் புதுசை அறைதோறும் மாட்டினான்.

"வெந்நீர்ச் செலவு பாதியாயிரும் தாத்தா. வெறகும் பாதி போதும்."

"ஒண்ணுக்குப் போற மாதிரி வருது. மெட்டுப் பனியில வெறைச்சு வர்றவன் இதுக்கடியில ரெண்டு மடங்கு நேரம் நிப்பான். அப்புறம் எங்கிட்டு மிச்சம்?"

"அதையும் சேத்துத்தான் கணக்கு."

"ஒன் பொட்டிக்குள்ள குளிக்கிறவனுக்குக் குளிருமா அப்பு?"

அவன் சிரித்துவிட்டுப் பாய்லரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டினான். "முழு வெறகு போட்டுராதீங்க. மீறிச் சூடேறுனா இந்தக் குழாய் வழியா வெளியேறும். இதைத் தொட்டுராதீங்க."

அவன் வந்த ஜீப்பு வளைவில் மறைந்ததும் சுருளிவேல் முழு விறகையும் திணித்தார். சட்டை மடிப்புக் கலையாதவன் பேச்சை எதற்கு நம்ப வேண்டும்? ஆனால் அந்தக் குழாய் தினமும் கொதிநீரைத் துப்பியது. இவர் போட்ட தீ மண்ணுக்குப் போனது. பொறுக்காமல் நேற்று ஒரு கட்டையைச் செதுக்கிக் குழாய் வாயில் அடித்து இறக்கி, சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினார். மலையில் எந்த ஒழுகலையும் அப்படித்தான் அடைப்பார்கள்.

தங்கியிருந்தவர்கள் இன்று விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார்கள். குளிக்க ஆளில்லை. தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

முனகல் சட்டென்று நின்றது. அது நின்றதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. இரும்பு வயிறு ஒருமுறை 'டக்'கென்றது. டியூபைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, கட்டை அசையவில்லை. அடுப்புக் கங்குகளை வெளியே வாரி இழுத்தார். உள்ளே அடைபட்ட ஆவிக்கு வழியில்லை, இரும்பு அடங்கவில்லை, இன்னொரு 'டக்'. அந்தப் பயல் சொன்னது அத்தனையும் சரி.

வெடித்தால், சுவருக்கு அந்தப் பக்கம்தான் காளீஸ்வரி துணி துவைக்கிற இடம்.

வெளியே பாய்ந்து கட்டடத்தைச் சுற்றி ஓடினார். வாஷிங் மெஷின் இரைச்சலில் காளீஸ்வரி போர்வை பிழிந்துகொண்டிருந்தாள்.

"அங்கிட்டு ஓடுடி! கீழ ஓடு!"

அவள் நிமிர்ந்தாள். தோட்டத்துக்குள் யானை இறங்கியபோதுகூட ஓடாத மனுசன் கையில் ரத்தத்தோடு தலைதெறிக்க ஓடி வருகிறார். போர்வையைப் போட்டுவிட்டு அவரை நோக்கியே ஓடி வந்தாள்.

"என்னாச்சுங்க? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

அவள் வருகிற வழி அடுப்பறைச் சுவரை ஒட்டித்தான். அவள் தோள் உரசிய இடத்தில், சுவரின் ஈரப் பாசியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.