கம்ப்ரசர் சூடாகும் வரை

1

இந்தக் கதை என் மனைவியின் சிரிப்பிலிருந்து பிறந்தது. அதை ஒளிப்பானேன்?

கட்டடங்களின் மொட்டைமாடியில் வைக்கும் பெரிய ஏசி யூனிட்களை முதன்முதலாக ஓடவைத்துக் கொடுப்பது அவள் தொழில். வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுவது என் தொழில். அவளைப் பற்றி ஒரு கதை எழுதி, சாப்பிடும்போது படித்துக் காட்டினேன். அது இப்படித் தொடங்கியது:

அவள் மூச்சிரைக்க மாடியேறிப் பாய்ந்து மெயின் ஸ்விட்சைப் போட்டாள். இயந்திரம் உறுமி எழுந்தது.

அவளுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"முதல் வரியிலயே கம்ப்ரசரைக் கொன்னுட்டீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் பெருமையாகவும் இருந்தது. என் கதைகளைக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை.

2

இரண்டாவது தொடக்கம்:

அவள் ஹீட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இதுதான் சரி என்றாள். சரிதான், ஆனால் நாயகி வீட்டுக்குப் போய்விட்டால் வாசகர் மட்டும் எதற்காக இருப்பார்? இந்த இடத்தில் இரண்டு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பிறகு அவளையே உட்காரவைத்து விளக்கம் கேட்டேன்.

கம்ப்ரசரின் அடிவயிற்றில் எண்ணெய் இருக்கிறது. ஓடாமல் குளிர்ந்து கிடக்கும்போது ஏசியின் கேஸ் மெல்ல வந்து அந்த எண்ணெயில் கலந்துவிடும். அதனால் அடியில் ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அது ஒரு முழு நாள் எண்ணெயைச் சூடாக வைத்திருந்து கேஸை வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல் ஓட்டினால், குலுக்கித் திறந்த சோடா மாதிரி எண்ணெய் நுரைத்து வெளியே போய்விடும். உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக்கொள்ளும்.*

(* இதை எழுதிவிட்டு அவளிடம் காட்டினேன். "சோடா ஓகே" என்றாள். என் எழுத்துக்கு அவள் கொடுத்த அதிகபட்ச மதிப்பெண் இது.)

3

இனி நடந்தது.

ஒரு புதிய விழா மண்டபம். பல வருடம் கம்பெனியில் இருந்துவிட்டு வெளியே வந்த என் மனைவி, தன் சொந்தப் பொறுப்பில் எடுத்த முதல் வேலை அது. மண்டபத்து முதலாளி இன்னும் இரண்டு கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். இது நன்றாக அமைந்தால் அவையும் அவளுக்குத்தான் என்று வாய்விட்டே சொல்லியிருந்தார். அவளை அவரிடம் சிபாரிசு செய்தது அவளுடைய அண்ணன். அதாவது என் மச்சான், அந்தக் கட்டடத்தின் சூப்பர்வைசர்.

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் அவள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள். வயர்களை இறுக்கும்போது மெயினை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். வேலை முடிந்ததும் பூட்டை எடுத்து, மெயினைப் போட்டு, ஹீட்டருக்கு மட்டும் கரண்ட் போகும்படி வைத்தாள். கீழே ஹாலில் ஏசியின் ஸ்விட்சில் 'போடக்கூடாது' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள். வாட்ச்மேனிடமும் சொன்னாள். பிறகு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் மாலை மாடியேறியதும் கம்ப்ரசரின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் மெயின் அணைந்து கிடந்தது.

யார் அணைத்தது? முதல் வரைவில் இங்கே ஒரு வில்லனைக் கொண்டுவந்தேன். போட்டி கம்பெனிக்காரன், கறுப்புக் கண்ணாடி, இருட்டில் அவனுடைய—

(போதும். அப்படி யாரும் இல்லை.)

அணைத்தது மச்சான். எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'ஆஃப்' என்று பட்டப்பெயர். ஒரு அறையை விட்டுப் போகும்போது விளக்கு, ஃபேன், எது கையில் பட்டாலும் அணைத்துவிட்டுத்தான் போவார். நான் உள்ளே இருக்கும்போதே எங்கள் வீட்டுக் குளியலறை விளக்கை அணைத்தவர். முந்தின மாலை கடைசியாக மாடியைச் சுற்றி வந்திருக்கிறார். மெஷின் ஓடவில்லை, மெயின் மட்டும் போட்டபடி இருக்கிறது. கரண்ட் வீணாகிறதே என்று அணைத்துவிட்டு, கடமையைச் செய்த நிம்மதியோடு இறங்கிவிட்டார். ஊருக்கெல்லாம் சொன்னவள் கூடப்பிறந்த அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. அண்ணனிடம் தனியாக என்ன சொல்வது என்று நினைத்துவிட்டாள்.

(அவரைக் கொஞ்சம் கெட்டவராகக் காட்டலாமா என்று கேட்டேன். "காட்டுங்க, அடுத்த தடவை அவர் வீட்டுக்கு நீங்க தனியாப் போங்க" என்றாள். ஆகவே அவர் நல்லவராகவே இருக்கிறார். உண்மையும் அதுதான்.)

4

விழா அன்று மாலை. மச்சான் முகம் வெளிறிப்போய் மாடியில் நின்றார்.

"ஒரு அரை மணி நேரம் மட்டும் ஓட்டிட்டு நிறுத்திடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"அதுக்குத் தெரியும்ணே" என்று யூனிட்டைக் காட்டினாள்.

"ரெண்டு பேர் பேரும் போயிடும்மா. அந்த ரெண்டு கட்டடமும் போயிடும்."

"போனா போகுது. வேர்த்தா தொடச்சுக்கலாம். இது போச்சுன்னா தொடச்சுக்க முடியாது."

மெயினை மறுபடி போட்டாள். ஹீட்டர் தன் வேலையைத் தொடங்கியது. ஹாலின் உள்ளே காற்றடிக்கும் ஃபேன்களுக்குத் தனி லைன் இருந்தது. அவற்றை மட்டும் ஓடவிட்டாள். காற்று வந்தது, குளிர் வரவில்லை. மச்சானுக்கு உயிர் வந்தது. ஏசி ஓடுகிறது என்றே சொல்லிவிடலாம், கூட்டத்தில் யார் கண்டுபிடிப்பார்கள் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள், நேராக முதலாளியிடம்.

5

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: அவள் அண்ணனுக்காக இளகிவிடுகிறாள். கண்களை மூடிக்கொண்டு ஸ்விட்சில் கையை வைத்து, அவள்

இதற்கு மேல் எழுத வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாம் விதம்: முதலாளி அசந்துபோய் விருந்தாளிகள் முன்னால் கைதட்டுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவள் படித்துவிட்டு, அந்தக் கைதட்டலின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள்.

மூன்றாவது, நடந்தபடியே:

"சார், ஏசி இன்னிக்கு ஓடாது. ஹீட்டருக்குப் போற மெயின் அணைஞ்சு கிடந்துது. அதுல ஒரு அட்டை மாட்டாதது என் தப்பு. நாளைக்குச் சாயந்திரம் ஓடும்."

அண்ணன் பெயரை அவள் எடுக்கவில்லை. மச்சான்தான் பின்னாலேயே ஓடிவந்து, "அணைச்சது நான்தான் சார்" என்றார். இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்ததற்காக நான் தலைநிமிர்ந்து நின்ற இடம் அது.

முதலாளி கைதட்டவில்லை. ஃபேன் காற்றுக்கா இவ்வளவு பெரிய பெட்டி வாங்கினேன் என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டார். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். விருந்தாளிகள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் குளிர் கொஞ்சம் அதிகம், குறைக்க முடியுமா என்று கேட்டார். (இது சத்தியம். கற்பனையாக இருந்தால் இதை எழுத எனக்கே துணிச்சல் வந்திருக்காது.) போகும்போது முதலாளி, நாளை மாலை வருகிறேன், மற்ற கட்டடங்களைப் பற்றி அப்போது பேசலாம் என்றார். அவர் சொன்ன தொனியில் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை.

6

மறுநாள் மாலை நானும் மாடிக்குப் போனேன். மெயினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு மச்சான் காவல் இருந்தார். சாப்பிடக்கூட அங்கிருந்து எழுந்திருக்கவில்லையாம்.

அவள் கம்ப்ரசரின் அடியில் கை வைத்தாள். "வெச்சுப் பாருங்க" என்று என்னையும் கூப்பிட்டாள். இளஞ்சூடு. காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொட்டிருக்கிறேன், ஆனால் சூடாக இருக்கிறதே என்று மகிழ்ந்தது இதுதான் முதல் தடவை.

பிறகு அவள் எதிலும் அவசரம் காட்டவில்லை. வால்வுகள் முழுதாகத் திறந்திருக்கின்றனவா, கரண்டின் மூன்று பேஸும் சரியான வரிசையில் வருகின்றனவா, மேல் ஃபேன் தடையில்லாமல் சுற்றுமா, உள்ளே காற்று ஓடுகிறதா என்று நேற்று முன்தினம் பார்த்ததையெல்லாம் மறுபடி பார்த்தாள். பெட்டியின் கதவை மூடித் திருகினாள். எங்கள் இருவரையும் பெட்டிக்கு நேரே நிற்காமல் தள்ளி நிற்கச் சொன்னாள். கீழே போய் அட்டையைக் கழற்றி ஸ்விட்சைப் போட்டுவிட்டு வரும்படி மச்சானை அனுப்பினாள்.

ஃபேன் சுற்றியது. கம்ப்ரசர் எழுந்தது. உறுமவெல்லாம் இல்லை, சீரான ஒரு ரீங்காரம். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அழுத்தம் காட்டும் இரண்டு கேஜில் ஒன்று ஏறியது, மற்றது இறங்கியது. கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தடித்த குழாய் குளிர்ந்து அதன்மேல் வியர்வை துளிர்த்தது. இவள் என் மனைவி என்று மாடி மாடியாகக் கூவ வேண்டும் போல இருந்தது.

"ஆச்சா, போகலாமா?" என்றேன்.

"இப்பதானே ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

அப்போது படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது.

7

அவர் வந்து என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அதையும் எழுதினேன். அவள் அந்தத் தாளை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"அவர் நல்லபடியா பேசினார்னு எழுதினா, அதனாலதான் நான் செஞ்சது சரின்னு ஆயிடும். திட்டினார்னு எழுதினா, பாவம்னுவாங்க. ரெண்டும் எனக்கு வேணாம்."

ஆகவே முதலாளியைக் கடைசிப் படிக்கு முந்தின படியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு கை கைப்பிடியில் இருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அந்த இரண்டு கட்டடங்களை அவளுக்குக் கொடுப்பதோ மறுப்பதோ இனி உங்கள் பாடு. நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேஜைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.