அனுப்பாமலே அனுப்பிய மூடி

கிளாடின் ஹேவருக்கு அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் தபால் நிலையம். ஒரு ஓரத்தில் தராசு, மறு ஓரத்தில் பிரிண்டர், நடுவில் எங்கேயாவது அவளுடைய காபி. பழைய பீங்கான், கண்ணாடிச் சாமான்களை இணையத்தில் விற்கிறாள். யாராவது ஒன்றை வாங்கினால் எடையைத் தட்டி, கார்டில் தபால் கட்டணத்தைக் கட்டி, முகவரிச் சீட்டை அங்கேயே அச்சடித்து ஒட்டிவிடுவாள். வரிசையில் நிற்க வேண்டாம், கவுண்டரில் இருப்பவரின் சிடுசிடுப்பைப் பார்க்க வேண்டாம். நெப்ராஸ்காவில் ஒரு ஜனவரிக் குளிரைக் கழித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று தெரியும்.

இந்தச் சௌகரியத்துக்குள் ஒரு சின்னத் திருட்டுத்தனமும் உண்டு. சீட்டு அச்சானதுமே, வாங்கியவருக்கு 'உங்கள் பொருள் அனுப்பப்பட்டது' என்று செய்தி பறந்துவிடும். பொருள் என்னவோ அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் விற்றவளுக்குச் சுறுசுறுப்பானவள் என்று பேர், அதற்கு இணையத்தில் மதிப்பெண்ணாக ஒரு நட்சத்திரம். வீட்டிலிருந்து விற்கிற பலபேர் செய்கிற வேலைதான் இது. மறுநாள் கட்டி அனுப்பிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

கிளாடின் மறுநாள் கட்டவில்லை. வெர்மான்ட்டில் ஹார்லன் வீட் என்பவர் வாங்கிய கண்ணாடிப் பாத்திர மூடி அது. முதலில் அதற்கேற்ற பெட்டி கிடைக்கவில்லை. அப்புறம் ஒமாஹாவிலிருந்து தங்கை வந்தாள். அப்புறம் சுத்தமாக மறந்தே போனாள். பொருள் எங்கே என்று ஹார்லன் எழுதிக் கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பு என்னுடையது என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு நட்சத்திரத்துக்காக, 'அன்றைக்கே தபால்காரரிடம் கொடுத்துவிட்டேனே' என்று வாய் கூசாமல், இல்லை, விரல் கூசாமல் எழுதிவிட்டாள்.

ஹார்லன் லேசில் விடுகிற ஆள் இல்லை. தபால் இலாகாவில் புகார் கொடுத்துவிட்டார்.

அந்தத் தபால்காரர் ரொண்டா பீக். முட்டை ஆலையில் பல வருஷம் கால் மரத்துப்போக நின்றவள். இந்த வேலை கிடைத்த அன்று தெரு முழுக்க டோனட் கொடுத்தாள். இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. அதற்குள் புகார் ஒன்று நிரூபணமானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தினமும் கிளாடினின் வராந்தாவில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைத் தன் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவாள். அன்றைய பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிளாடின் ஒரே தாளை அச்சடித்து வைப்பாள். அதை ஒரு தடவை ஸ்கேன் செய்தால் போதும், எல்லாம் வாங்கியதாகப் பதிவாகிவிடும். எந்தப் பெட்டி யாருக்கு என்று ரொண்டா பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கதவைத் தட்டினாள்.

"கிளாடின், ஒண்ணு கேக்கணும். வெர்மான்ட் பார்சல் ஒண்ணு என்கிட்ட குடுத்தீங்களா? உங்க தாள்ல அது இல்லைங்கறாங்க."

"அது தாள் அடிச்சப்புறம் கட்டினது, கண்ணு. மத்ததுக்கு மேல தனியா வச்சேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என்ன ரொண்டா, நான் வச்சது எனக்குத் தெரியாதா?"

ரொண்டா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "அப்ப நான்தான் எங்கயோ விட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரர் சொல்றது சரிதான். சமையலறைக்குள்ள போய் எதுக்கு வந்தோம்னு முழிக்கற ஆளு நானு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "போஸ்ட்மாஸ்டர் இந்த வாரத்துக்குள்ள கண்டுபிடிக்கச் சொல்லிட்டாரு. கார முழுசாக் கவுத்துப் பாத்துட்டேன்."

கதவைச் சாத்திய பிறகு கிளாடின் சமையலறைக்குப் போகவில்லை. அடுப்பிலிருந்த சூப் அப்படியே ஆறிப்போனது. அப்போதாவது ரொண்டாவின் பின்னாலேயே ஓடியிருக்கலாம். வாசலில் கார் நின்றுகொண்டுதான் இருந்தது. இவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, அது போகிற வரைக்கும் பார்த்தாள்.

மூடியை எடுத்தாள். பெட்டி தேடினாள், இப்போது மட்டும் உடனே கிடைத்தது. செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, முன்பே அச்சடித்திருந்த சீட்டை ஒட்டினாள். மறுநாள் மற்ற பெட்டிகளுக்கு நடுவே, அன்றைய தாளில் சேர்க்காமல், அதைச் செருகி வைத்தாள். காணாமல் போன பார்சல் கிடைத்துவிட்டால் ஹார்லன் வாயை மூடிவிடுவார், ரொண்டாவுக்கும் வேலை நிலைக்கும். தன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இதை ரொண்டாவுக்குச் செய்கிற உபகாரமாகக்கூட நினைத்துக்கொண்டாள், மகராசி. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை ரொண்டா வந்தாள். தன் காரில் இல்லை, புருஷனின் டிரக்கில்.

"கெடைச்சிருச்சு, கிளாடின். என் கார்லதான் இருந்திருக்கு."

"உன் கார்லயா?"

"நேத்து ஆபீஸ்ல எல்லாத்தையும் எறக்கறப்ப பாக்கறேன், அதே பேரு, அதே பழைய தேதி. தாள்லயும் இல்ல. இத்தனை நாளா நான் உக்கார்ற சீட்டுக்கு அடியில எங்கயோ கெடந்திருக்கு. நான் என்னடான்னா கார்ல இல்லவே இல்லைன்னு ஆபீஸ்ல சாதிச்சுட்டிருந்தேன்."

"அதான் கெடைச்சிருச்சே. அப்புறம் என்ன?"

"சத்தம் போடாம ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கலாம். மனசு கேக்கல. நேரா போஸ்ட்மாஸ்டர்கிட்ட கொண்டுபோய் வச்சேன். கோவமெல்லாம் படல அவரு. தபால வண்டியில வச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்ன ஆள நான் எப்படி வச்சுக்கறதுன்னு கேட்டாரு. நியாயம்தானே? ஸ்கேனரக் குடுத்துட்டு வந்துட்டேன்."

கிளாடின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அது உன் காரில் இல்லை, என் அலமாரியில் இருந்தது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். தபால் நிலையம் மூட இன்னும் நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் இருவரும் அதே டிரக்கில் ஏறிப் போய் வேலையைத் திரும்பக் கேட்டிருக்கலாம்.

"வேல போனாப் போகுது, ஆலையில மறுபடி எடுத்துப்பாங்க," என்றாள் ரொண்டா. அவள் கண் கலங்கியிருந்தது. "ஆனா இதே வாசல்ல நின்னு, உங்களப் போய் நல்லா ஞாபகம் இருக்கான்னு கேட்டேன் பாருங்க. நீங்க வைக்காமலே வச்சேன்னு சொல்றீங்களோன்னு ஒரு நிமிஷம் நெனைச்சுட்டேன். நெசமா நெனைச்சேன். அதான் ராத்திரியெல்லாம் உறுத்துது. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

கிளாடின் வாயைத் திறந்தாள்.

"மன்னிச்சுட்டேன், கண்ணு," என்றாள் பாவி.

ரொண்டா அவளை இறுகக் கட்டிக்கொண்டு, "நீங்க ரொம்ப நல்லவங்க," என்றாள். கிளாடின் அந்தக் கைகளுக்குள் அசையாமல் நின்றாள்.