மூன்றாவது பிளாஸ்க்

1.

இந்தக் கதை எனக்கு ஓர் ஆறிப்போன தேத்தண்ணியோடு கிடைத்தது. அக்கரப்பத்தனைக்குப் போகும் வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல மழை. ரோட்டோரத்து வீட்டுக்காரர் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்தார். முன்னறையில் ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதில் கல்யாணப் படமும் பீங்கான் கோப்பையும் இருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை பிளாஸ்க்குகள். ரோசாப்பூ போட்டது, மயில் போட்டது, தங்க நிறக் கைப்பிடியும் நீண்ட மூக்குமாக அரபுக் கூஜாவைப் போல ஒன்று.

"இதுல ஊத்தி வைக்கிறதில்லீங்களா?" என்று கேட்டேன்.

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல அவர் சிரித்தார். "அது வீட்டுக்காரம்மா வெளிநாட்டிலருந்து அனுப்புனதுங்க."

பஸ் ஹோர்ன் அடித்தது. எழுந்து வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது. அவருக்கு அழகன் என்று பெயர் வைக்கிறேன். (வீட்டில் 'அவர்' என்றிருந்தவர் கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆகிவிடுவார். எழுதுகிறவர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமை இது.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனிமூட்டம் தேயிலை மலைகளைப் போர்வையாகப் போர்த்தி—

(எங்கள் பக்கத்துக் கதைகளில் பாதி இந்தப் போர்வைக்குள்தான் தூங்குகின்றன. விட்டுவிட்டேன்.)

பிறகு இப்படி:

பிளாஸ்க் என்பது ஒரு போத்தல் அல்ல, இரண்டு.

இது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் இதை விளக்கலாம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், வாயில் மட்டும் ஒட்டியிருக்கும். நடுவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் சின்ன முனையை நெருப்பில் உருக்கி அடைத்துவிடுவார்கள். சூடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக ஏதாவது ஒன்றைத் தொற்றிக்கொள்ள வேண்டும். காற்றாவது வேண்டும். நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டால் பாதை அடைபட்டுவிடும். வெளிச்சத்தைப் போலப் பாய்ந்து தப்பிக்கிற சூடும் கொஞ்சம் உண்டு. அதைத் திருப்பி அனுப்பத்தான் கண்ணாடிக்கு அந்த வெள்ளிப் பூச்சு. அதற்கும் மேலே தப்பிப்பது பெரும்பாலும் மூடி வழியாகத்தான். ஆகவே கடையில் பூவைப் பார்க்காதீர்கள், மூடியைப் பாருங்கள்.

(இந்த இடத்தில், 'நடுவில் உள்ள வெறுமைதான் சூட்டைக் காப்பாற்றுகிறது, வீட்டுக்காரம்மா இருக்கும் குவைத்துக்கும் அக்கரப்பத்தனைக்கும் இடையே உள்ள தூரத்தைப் போல' என்று ஒரு வரி இருந்தது. அழகான வரிதான். ஆனால் அந்தத் தூரம் வெறுமையாகவா இருக்கிறது? ஏஜென்சிக்காரன் இருக்கிறான், விமான டிக்கெட் இருக்கிறது, அவள் வேலை செய்யும் வீட்டு மேடத்தின் மாமியார் இருக்கிறார். அடித்துவிட்டேன்.)

3.

அழகனின் மனைவி கிருஷாந்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனது ஒரு வீட்டுக்காகத்தான். தோட்டத்து லயத்து அறையை விட்டு வெளியேறித் தனி வீடு கட்ட நிலம் கிடைத்திருந்தது. சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. இரண்டு வருஷம் போய்வந்தால் கூரை போட்டுவிடலாம் என்று கணக்கு.

அவள் அனுப்பிய முதல் கார்கோப் பெட்டியில் சோப்பு, பால்மா, ஒரு கம்பளி, ஒரு பிளாஸ்க். பெட்டியைத் திறந்ததும் அழகன் கம்பளியை எடுத்து முகர்ந்து பார்த்தான். கம்பளியில் அவளுடைய வாசம் இல்லை. யாருடைய வீட்டு வாசமோ இருந்தது. அன்று போனில் அதைத்தான் சொல்ல நினைத்தான். பக்கத்தில் அக்கா வீரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"பிளாஸ்க் நல்லாருக்கு புள்ள" என்றான்.

"நெசமாவாங்க?"

"நெசமாத்தான். இந்த மாதிரி இங்க யார்கிட்டயும் இல்ல."

"கம்பளி?"

"ம். பிளாஸ்க் ரொம்ப நல்லாருக்கு."

கிருஷாந்தி அதைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் இருப்பவருக்குத் தன் வீட்டாளுக்கு என்ன பிடிக்கும் என்பது தெரிந்துவிட்டால் அது பெரிய ஆறுதல். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வெளியே விடுவார்கள். மற்றப் பெண்கள் துணிக்கடைக்குப் போனால் அவள் பிளாஸ்க் தேடிப் போனாள்.

அவள் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அழகன் "போதும் புள்ள, இனி வாங்காத" என்று சொல்லிப் பார்த்தான். "போன தடவ அனுப்புனது புடிக்கலையா?" என்றாள். அடுத்த பெட்டியில் இரண்டு வந்தன.

4.

ஒன்று என்றால் சாமான். இரண்டு என்றால் ஜோடி. மூன்றாவது வந்து சேர்கிற அன்றுதான் அது சேகரிப்பு ஆகிறது. அன்றிலிருந்து நீங்கள் வேறு ஆள். மூன்றாவது பிளாஸ்க் வந்ததும் அழகன் தலவாக்கலைக்குப் போய் அந்த ஷோகேஸை வாங்கிவந்தான். அதோடு அவனுக்குப் பட்டப்பெயரும் வந்துவிட்டது. அவன் த்ரீவீலர் ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

"பிளாஸ்க் அண்ணே, கொழும்புல மியூசியத்த மூடப்போறாங்களாம்" என்றான் திலக்ஷன். இவனுடைய வண்டிக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிறவன்.

"ஏன்டா?"

"உங்க வீட்டப் பாத்து வெக்கமாப் போச்சாம்."

எல்லாரும் சிரித்தார்கள், அழகனும் சிரித்தான்.*

* சேகரிப்புகளில் இரண்டு வகை உண்டு. தபால்தலை சேர்ப்பவரின் ஆல்பத்தில் காலியான கட்டங்கள் இருக்கும். கட்டம் நிறைந்தால் வேலை முடிந்தது. பிளாஸ்க்குக்குக் கட்டம் கிடையாது. என்றைக்கு நிறுத்தினாலும் அன்று நடுவில் நிறுத்தியதாகத்தான் இருக்கும். தானாக முடியாத ஒன்றை ஓர் ஆள் வந்துதான் முடித்துவைக்க வேண்டும். கதையும் இந்த இரண்டாவது வகைதான். இதை எழுதத் தொடங்கியதிலிருந்து பிளாஸ்க்குகளைப் பற்றி நான் சேர்த்து வைத்திருப்பதையெல்லாம் உங்களுக்குச் சொன்னால் நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள்.

முதல் இரண்டு வருஷத்தில் கூரை வந்தது. அடுத்ததில் மகள் தனுஜாவின் படிப்பு முடிந்தது. இப்போது அவள் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். மூன்றாவது இரண்டு வருஷத்துக்குக் காரணம் கேட்டால் அழகனும் கிருஷாந்தியும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். மதில் கட்டணும் என்பார்கள். நல்லது கெட்டதுக்கு இருக்கட்டும் என்பார்கள்.

வீரம்மா யோசிக்கிற ஆளில்லை. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து தம்பி வீட்டு வாசலில் அட்டை கடித்த காலைத் தேய்த்தபடி சொன்னாள்: "நீ பிளாஸ்க்கு சேக்குற. அவ ரெண்டு ரெண்டு வருசமா சேக்குறா. அவளுக்கும் ஒரு ஷோகேஸ் வாங்கிக் குடுடா."

திலக்ஷனுக்குச் சிரித்ததுபோல இதற்குச் சிரிக்க அழகனால் முடியவில்லை.

5.

எனக்கு அழகன் மேல் ஒரு சந்தேகம். இந்த ஆளுக்குப் பிளாஸ்க் பிடிக்குமா, பிடிக்காதா? அதைக் கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ளதை எழுதினேன்.

[ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகன் பெரிய சட்டியில் தண்ணி கொதிக்கவைத்து எல்லாப் பிளாஸ்க்கிலும் ஊற்றினான். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகத் திறந்தான். முதலாவதில்—]

முதலாவதில் என்ன? சூடாக இருந்தால் நீங்கள் நிம்மதியடைவீர்கள், ஆறியிருந்தால் பெருமூச்சு விடுவீர்கள். இரண்டுமே எனக்குச் சுலபம். ஆனால் அழகன் இதைச் செய்ய மாட்டான். போத்தலின் அடியில் அடைத்த அந்த முனை இருக்கிறதே, அது கொஞ்சம் விரிசல் விட்டால் போதும், உள்ளே காற்றுப் புகுந்துவிடும். பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. கப்பலிலும் லொறியிலும் குலுங்கி வந்த சாமான். ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் அவன் ஊற்றவில்லை.

"தேத்தண்ணி ஊத்துறீங்களா?" என்று கிருஷாந்தி கேட்பாள்.

"ஊத்துறேன், ஊத்துறேன்" என்பான்.

இப்போது எனக்கு ஓரளவு புரிகிறது. பிளாஸ்க் அவனுக்குப் பிடிப்பதில்லை. பிளாஸ்க் வருகிற அன்று பிடிக்கும். அவள் ஒரு கடைக்குள் நின்று, கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, தன்னை நினைத்திருக்கிறாள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி அவனிடம் இல்லை.

6.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவள் கடையிலிருந்து வீடியோவில் வந்தாள். முகத்துக்குப் பின்னால் வெள்ளை விளக்குகள்.

"ஏங்க, இது பாருங்க. இது வேற மாதிரி. சரிக்க வேணாம். மேல அமுக்குனா ஊத்துது."

(இது காற்றால் வேலை செய்வது. மேலே ஒரு துருத்தி இருக்கும். அமுக்கினால் காற்று உள்ளே போய்த் தண்ணியின் தலையில் உட்காரும். தண்ணிக்கு வேறு வழியில்லாமல் குழாய் வழியாக மேலே ஏறும். கிருஷாந்தி பதிலுக்குக் காத்திருக்கும்போது நான் துருத்தியைப் பற்றிப் பேசுகிறேன். அழகனும் இதைத்தான் செய்தான்.)

"அமுக்கிக் காட்டு" என்றான்.

அமுக்கிக் காட்டினாள். காற்று மட்டும் வந்தது.

"அப்புறம்… மேடம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பேப்பர புதுப்பிக்கவா, டிக்கெட் போடவான்னு. நாளைக்குச் சொல்லணும்." அவள் பிளாஸ்க்கைக் கீழே வைக்கவில்லை. "இத வாங்கவா, வேணாமா? பெருசுங்க. கையில கொண்டு வர முடியாது. வாங்குனா கார்கோலதான் போடணும். பெட்டி நெறையணும்."

பெட்டி நிறைய மாதக் கணக்காகும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாங்கு என்றால் இரு. வேண்டாம் என்றால் வா. இரண்டு பேரும் இத்தனை வருஷத்தில் 'வா' என்ற சொல்லை நேராகப் பேசியதில்லை. அவன் சொன்னால் அது உத்தரவுபோல ஆகிவிடும். வந்தபிறகு கையில் காசில்லாமல் ஒரு நாள் போனாலும் கூப்பிட்டவன் நீதானே என்று ஆகிவிடும். அவள் வரட்டுமா என்று கேட்டால், அவன் ஒரு விநாடி யோசித்தால்கூட அவள் அதைத் தாங்க வேண்டும்.

படம் நின்று நின்று வந்தது. சிக்னலுக்காக அழகன் படுக்கையறை ஜன்னலுக்குப் போனான். நீங்களும் வாருங்கள், அந்த அறை வாசலில் நின்றுகொள்ளுங்கள். போனைத் தூக்கிப் பிடித்தபோது கமெரா கட்டிலைக் காட்டிவிட்டது.

"அது என்னங்க கட்டில்ல?"

"எது?"

"போன ஆட்டாதீங்க. அந்தா… என் பக்கத்துல."

அட்டைப் பெட்டிகள். பிளாஸ்க்குகள் வந்த பெட்டிகள். சேர்க்கிறவர்கள் பெட்டியையும் எறிய மாட்டார்கள். இது உலகமெங்கும் உள்ள பழக்கம். போன லீவு முடிந்து அவள் திரும்பிய பிறகு, ஒன்றிரண்டை அங்கே வைத்தான். பிறகு அவை அவளுடைய தலையணை இருந்த இடத்திலிருந்து கால்மாடு வரை ஆளுயரப் படுக்கையாக நிறைந்துவிட்டன. எப்போது என்று அவனுக்கே தெரியாது.

"நீங்க எங்க படுக்குறீங்க?"

"இந்தப் பக்கந்தான். எப்பவும் போல."

"நான் வந்தா?"

முன்னறையிலிருந்து வீரம்மா கத்தினாள்: "நீ வந்தா அவனத் தூக்கி ஷோகேஸ்ல வச்சிரலாம் புள்ள!"

கிருஷாந்தி சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளை விளக்கு மட்டும் தெரிந்தது.

"சொல்லுங்க" என்றாள். "கடக்காரன் நிக்கிறான்."

7.

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றில் அவன் "வாங்கு" என்கிறான். அவள் சரி என்கிறாள். இரண்டு பேருக்கும் பழகிப்போன ஒரு நிம்மதி. (இதை நான் நம்புகிறேன். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

இன்னொன்றில் "வேணாம், நீ வா" என்கிறான். அவள் வருகிறாள், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறாள், இவன் வண்டியை எடுத்துக்கொண்டு— அவ்வளவு தூரம் த்ரீவீலரிலா? அது பரவாயில்லை. ஒரு சொல்லை ஆறு வருஷம் விழுங்கிய மனிதன் கடைக்காரன் காத்திருக்கிறான் என்பதற்காக அதைச் சொல்வான் என்று என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவதில் சிக்னல் போய்விடுகிறது. (இது ஏமாற்று. மலையில் கதை எழுதுகிறவர்களுக்கு எப்போதும் கையருகில் இருப்பது.)

சிக்னல் நன்றாகவே இருந்தது.

அழகன் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தான், அவளுக்குக் கட்டில் தெரிகிற மாதிரி. மேலே இருந்த பெட்டியைத் தூக்கினான். தூக்கிய பிறகுதான் யோசித்தான். கட்டிலுக்கு அடியில் இடமில்லை, அங்கே அவளுடைய சேலைப் பெட்டி. அலுமாரியின் மேல் இடமில்லை. முன்னறை உங்களுக்கே தெரியும்.

"அத எங்க வைக்கப் போறீங்க?" என்றது போன்.

"பாப்போம்."

அந்தப் பக்கம் கடைக்காரன் ஏதோ கேட்டான். அவள் அரபில் ஏதோ சொன்னாள். ஒரு நிமிஷம் பொறு என்றாளா, வேண்டாம் என்றாளா, கட்டித் தா என்றாளா? எனக்கு அரபு தெரியாது. அழகனுக்கும் தெரியாது. அவள் கண் மட்டும் கட்டிலை விட்டு நகரவில்லை.

அவன் பெட்டியோடு அறையைச் சுற்றிப் பார்க்கிறான். வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். இவ்வளவு நேரம் நின்றும் அவன் உங்களை யாரென்றுகூடக் கேட்கவில்லை.

"இதக் கொஞ்சம் பிடிங்க" என்கிறான்.

காலிப் பெட்டிதான், பாரமில்லை. ஆனால் இரண்டு கையும் வேண்டும். அவன் அடுத்ததை எடுக்கத் திரும்பிவிட்டான்.